இத்தாலிச் சுழியோடி

சனிக்கிழமைக் காலைகளில் லண்டன் மோர்டன் தமிழ் வகுப்பின் பின்வரிசையில் என்னோடு சேர்ந்து தூங்கிய நண்பர்களே, உங்களுக்கும் இப்போது முழங்கால் நோகத் தொடங்கியிருக்கும். தலையில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதே கண்ணாடியை வீடு முழுக்கத் தேடியிருப்பீர்கள். உங்களுக்காவது விளங்கக்கூடும் என்று ஒரு கதை சொல்கிறேன். எனக்கு விளங்கவில்லை. ஒன்பது வயதில் விளங்காமல் போனதற்கு வயதைக் குறை சொன்னேன். இப்போது எதைச் சொல்வதென்று தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரியும், அவளிடம் கேட்காதீர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலம். நாங்கள் ஒரு சலவைக்கடைக்கு மேலே குடியிருந்தோம். எங்கள் வீட்டுத் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். முன்பின் தெரியாதவர்களின் உள்ளாடைகள் காயும் வாசம் கீழேயிருந்து ஏறி எங்கள் சோற்றில் வந்து உட்காரும். அந்த வாசத்துக்குள் ஒருநாள் பின்னேரம் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. கையில் ஒரே ஒரு பை. அதற்குள் உடுத்த இரண்டு சேட்டு, ஒரு சவரக் கத்தி, ஒரு சுழியோடிக் கண்ணாடி.

கடலுக்கடியில் போகிறவர்கள் முகத்தில் மாட்டுவார்களே, அது. கருநீல ரப்பர். முட்டை வடிவில் ஒரே கண்ணாடி, அதைச் சுற்றி ஓர் உலோக வளையம், உச்சியில் சின்னத் திருகாணி. மூக்கையும் சேர்த்து மூடிவிடும். ரப்பரின் மேல் திருநீறு பூசியதுபோல ஒரு வெண்மை படிந்திருந்தது. முகர்ந்தால் சைக்கிள் ட்யூப்பும் பழைய அலமாரியும் கலந்த மணம். இப்போதும் சைக்கிள் கடையைக் கடக்கும்போது என் மூக்கு தானாகவே மூச்சை நிறுத்திக்கொள்ளும்.

அதற்குள் நான்காக மடித்த ஒரு தாளும் இருந்தது. பளபளக்கும் விளம்பரத் தாள். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். நடுவில் அதே கண்ணாடியை மாட்டிய ஒருவன், கையில் மூன்று முள் வைத்த ஈட்டி, மூக்கடியிலிருந்து குமிழிகள். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய மீன், பஸ்ஸைத் தவறவிட்டவனின் முகத்தோடு. மூலையில் ஒரு பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தாள். கடலுக்குள் இருந்து வந்தவளாம்; தலைமயிர் ஒன்றுகூட நனையவில்லை, உதட்டுச் சாயமும் கலையவில்லை. கீழே கொட்டை எழுத்தில் இத்தாலி மொழி.

"உது ஆர் சித்தப்பா?"

சித்தப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான்."

நான் உடனே நம்பினேன். ஆதாரம் இருந்தது. படத்திலிருந்தவனின் உடம்பு எங்கள் நிறம். கண்ணாடிக்குக் கீழே மீசையின் நுனி தெரிந்தது. சித்தப்பாவுக்கும் மீசை இருந்தது. ஒன்பது வயதில் இதைவிட என்ன வேண்டும்?

அம்மாவுக்கு வேண்டியிருந்தது. "தம்பி, ஊரில கீரிமலைக் கேணியில நீங்கள் இறங்கேக்கை ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவை. நான் கண்ணால கண்டனான்."

"இத்தாலித் தண்ணி வேற அண்ணி. உப்புக் கூட. ஆள் தானா மிதக்கும்."

"மிதந்தால் பேந்து எப்பிடிக் கீழ போறது?"

சித்தப்பா கதையைத் தொடர்ந்தார். வரும் வழியில் ஓர் இத்தாலித் துறைமுக ஊரில் நான்கு மாதம் மாட்டிக்கொண்டதாகவும், கடல் சாமான்கள் விற்கும் கடையொன்றில் பெட்டி ஏற்றி இறக்கியதாகவும், கடைக்காரர்தான் தன்னை விளம்பரத்துக்குப் பிடித்ததாகவும் சொன்னார். அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா வேலை முடிந்து படியேறி வந்தார். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து வரும் அப்பாவுக்கு வாசலிலேயே தேநீர் நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் உலகம் முழுவதும் பிழையாகத் தெரியும். அன்று தேநீர் பிந்தியது. கண்ணாடியைத் தூக்கிப் பட்டியைப் பார்த்தார். ரப்பரில் அச்சுக் குத்தியிருந்த நாட்டின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"டேய், விசரா. உதையோ கொண்டு வந்தனி?"

அந்தக் காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் ஒரு பெரிய கட்டடம். சித்தப்பாவை அங்கே கூப்பிட்டு விசாரிப்பார்கள். எப்படி வந்தாய் என்று கேட்பார்கள். வழியில் இன்னொரு நாட்டில் இறங்கியிருந்தாய் என்றால், அங்கேயே அடைக்கலம் கேட்டிருக்கலாமே என்று அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எங்கள் ஆட்களின் பேச்சு. இதை அப்பாவுக்குச் சொன்னது பெற்றோல் ஸ்டேஷனில் கூட வேலை செய்த ஒருவர். அவர் தன் மைத்துனரின் விசா விஷயமாக மூன்று முறை குரோய்டன் போய் வந்திருந்தார்; ஆகவே எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் சட்டம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இத்தாலி என்ற நாடு இல்லாமல் போயிற்று. அப்பா சவரத் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டியிலிருந்த எழுத்துகளைச் சுரண்டினார். எழுத்துப் போயிற்று, பட்டியும் போயிற்று. அலமாரியிலிருந்த மக்கரோனிப் பெட்டி குப்பைக்குப் போனது. தக்காளி டின்னின் லேபிளைக் கிழித்தார்.

"மக்கரோனி குரோய்டனுக்குப் போய்ச் சாட்சி சொல்லுமோ?" என்றார் அம்மா.

"உமக்கு விளங்காது. அவங்கள் எல்லாம் பாப்பாங்கள்."

விளம்பரத்தைக் கிழித்தெறியும்படி அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவால் ஏலவில்லை. எங்கள் வீட்டில் கிழிக்க மனம் வராத காகிதங்கள் எல்லாம் பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான் போகும். பாஸ்போர்ட், கவுன்சில் கடிதம், என் ஊசி போட்ட அட்டை. அவற்றோடு சுழியோடியும் போய்ச் சேர்ந்தான்.

கண்ணாடியையும் எறியவில்லை. அம்மா பாவாடை எலாஸ்டிக்கை வைத்து அதற்குப் புதுப்பட்டி தைத்து, வெங்காயம் வெட்டும்போது மாட்டத் தொடங்கினார். மூக்கும் மூடப்படுவதால் ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. ஒருநாள் காஸ் மீட்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரருக்கு அப்படியே போய்க் கதவு திறந்துவிட்டார். சேலை, அதன்மேல் கம்பளிச் சட்டை, முகத்தில் சுழியோடிக் கண்ணாடி, கையில் கத்தி. அந்த மனிதர் மீட்டரை வாசித்துவிட்டு, நன்றி அம்மணி என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாகவே படியிறங்கினார். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. காஸ்காரர் குரோய்டனுக்கு எழுதிப் போட்டிருப்பாராம்.

எனக்குக் குரோய்டன் என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் வீட்டுக்கு வரும் காகிதம் எல்லாம் குரோய்டனிலிருந்து வந்தது, போகும் காகிதம் எல்லாம் குரோய்டனுக்குப் போனது. ஆகவே உலகத்தில் எங்கே எதை எழுதினாலும் அது கடைசியில் குரோய்டனுக்குத்தான் போய்ச் சேரும் என்று முடிவு செய்திருந்தேன். இத்தாலியில் என்ன குற்றம் என்பதும் விளங்கவில்லை. கெட்ட வார்த்தை போல ஏதோ ஒன்று, வீட்டில் சொல்லக் கூடாது, வெளியில் சொல்லலாம் என்று நினைத்தேன். மற்றக் கெட்ட வார்த்தைகளுக்கும் அதுதானே என் வழக்கம்?

பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை கடலைப் பற்றிப் படித்தோம். ஆளுக்கொரு கடல் சாமான் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். மற்றப் பிள்ளைகள் சிப்பியும் கூழாங்கல்லும் கொண்டுவந்தார்கள். நான் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து சுழியோடியைக் கொண்டுபோனேன். "இது யார்?" என்று டீச்சர் கேட்டார். என் சித்தப்பா என்றேன். அந்த வகுப்பில் அதுவரை என்னை ஒருவரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை. அன்று முப்பது தலைகள் திரும்பின. டீச்சர் ஓர் அட்டையைத் தந்து எழுதச் சொன்னார். எழுதினேன்: "இது என் சித்தப்பா. இவர் இத்தாலியில் இருந்தார்." இத்தாலியில் எழுத்துப் பிழை விட்டிருந்தேன். டீச்சர் அதைத் திருத்தி, மறுபடி பெரிதாக எழுத வைத்து, படத்தோடு சேர்த்து நடைபாதைச் சுவரில் குத்தினார். பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம்.

அன்று மாலை வீட்டில் ஒத்திகை. குரோய்டனுக்குப் போக இருந்தவர்கள் வீடுகளில் எல்லாம் இது நடந்ததுதான். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் அப்பா டை கட்டிக்கொண்டு அதிகாரியாக இருந்தார். மறுபக்கம் சித்தப்பா. இடையில் அம்மா மொழிபெயர்ப்பாளர். கையில் கீரைக் கட்டு.

"எந்த நாட்டால வந்தனீர்?"

"ஒரு நாட்டாலயும் இல்லை சேர். நேர இஞ்சதான்."

"வழியில என்ன கண்டனீர்?"

"மேகம் சேர்."

"மேகம் எண்டு சொல்லாதை! பகிடி விடுறாய் எண்டு நினைப்பாங்கள்."

"வேற என்ன அண்ணை சொல்ல? பிளேனில இருந்தா மேகம்தானே?"

நான் சிரித்தேன். அப்பா மேசையில் அடித்தார். "சிரி, சிரி. இத்தாலி எண்டு ஒரு சொல்லு அவங்கட காதில விழுந்துதோ, உன்ர சித்தப்பாவைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்க படுக்கப் பாயும் இல்லை, கதைக்க ஆளும் இல்லை."

அப்போதுதான் எனக்கு ஓரளவு விளங்கியது. அந்த ஓரளவே போதுமாக இருந்தது. பள்ளிச் சுவரில் நான் எழுதியது, எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே நடைபாதைக்குப் போனேன். படம் எட்டவில்லை. குதித்தேன். மூன்றாவது குதியில் டீச்சர் வந்துவிட்டார். சித்தப்பாவைக் கிட்டப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்து என்னைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பிறகு, பிள்ளைகளின் கைபட்டு அழுக்காகக் கூடாதென்று, படத்தின் மேல் கண்ணாடித்தாள் ஒன்றை வைத்து எட்டு இடத்தில் குத்தினார். என் குற்றத்துக்கு உறை போட்டு உதவினார் அந்த நல்ல மனுஷி.

மூன்றாம் நாள் அப்பா பாஸ்போர்ட் எடுக்கப் பிள்ளையாருக்குப் பின்னால் கை விட்டார். எதையோ தடவித் தேடினார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"உந்தப் படத்தைக் கிழிச்சனீரோ?"

அம்மா தலை குனிந்தார். "வைச்சனான். உதுக்குள்ளதான்."

"இல்லையே."

அப்பாவின் பார்வை என் பக்கம் வரவே இல்லை. நேராகச் சித்தப்பாவிடம் போனது. சித்தப்பா கடைத்தெருவில் கண்டவர்களிடம் எல்லாம் கதைக்கிறவர் என்பது அப்பாவின் மனக்குறை.

"எடுத்து வைச்சுக்கொண்டு ஆருக்கு ஷோ காட்டித் திரியிறாய்?"

"நான் எடுக்கேல்லை அண்ணை."

"அப்ப பிள்ளையார் எடுத்தவரோ? உனக்கு இந்த நாட்டில இருக்க விருப்பமில்லையெண்டா வாயைத் திறந்து சொல்லு. நான் ஏன் கிடந்து சாகிறன்?"

நான் குசினிக்குள் போய் வெங்காயக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஏனென்று கேட்காதீர்கள். முகத்தை எங்கேயாவது வைக்க வேண்டும் போலிருந்தது. என் மூச்சு உள்ளே படிந்து கண்ணாடி வெளிறியது. அப்பாவும் சித்தப்பாவும் பனிமூட்டத்துக்குள் நின்று கை வீசினார்கள். கடைசியில் சித்தப்பாவின் குரல் மட்டும் வந்தது. "சரி அண்ணை. நான்தான் எடுத்தனான். எறிஞ்சு போட்டன். விடுங்கோ."

அதற்குப் பிறகு ஒரு கிழமை அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஒத்திகைகூட அம்மா மூலமாக நடந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தினமும் காலையில் சொல்ல நினைப்பேன், வாய்க்குள் பாணைத் திணித்துக்கொள்வேன். அந்த ஒரு கிழமையில் இரண்டு இறாத்தல் எடை கூடிவிட்டேன். பயத்தில் மெலிபவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தக் கிழமை வேலையிடத்தில் அம்மாவுக்குப் பின்னேர ஷிப்ட் என்பதால் சித்தப்பாதான் என்னைக் கூட்டிப்போக வருவார். எப்போதும் கேற்றடியில் நிற்பார். ஒருநாள் பெருமழை. நான் வகுப்பைவிட்டு வெளியே வந்தால், சித்தப்பா நடைபாதைக்குள் நிற்கிறார், நனைந்த தலையோடு, சுழியோடிக்கு நேர் கீழே, முதுகைச் சுவரில் சாய்த்தபடி.

"என்னடா முழிக்கிறாய்? பசிக்குதோ?"

என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் கதைத்தார். சுவரைப் பார்க்கவில்லை, முதுகைத்தானே காட்டினார் என்று என்னை நானே தேற்றினேன். பார்த்திருந்தாலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன். அவரும் அந்தப் படத்தோடு குடியிருந்தவர்தானே, என் பக்கம் இருப்பார் என்று நம்பினேன்.

குரோய்டன் நாள் வந்தது. அப்பாவின் டையைச் சித்தப்பா கட்டினார். இருவரும் பேசாமல் புறப்பட்டுப் போய், பேசாமல் திரும்பி வந்தார்கள். அப்பாவை உள்ளே விடவில்லையாம். "என்னவாம்?" என்று அம்மா கேட்டார். "கேட்டதுக்குச் சொன்னன்" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான்.

பிறகு காத்திருப்பு. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் நான் கழிவறைக்குள் ஒளிவேன். கிறிஸ்துமசுக்கு முன் சுவரில் கடலைக் கழற்றிவிட்டுப் பனி மனிதர்களை ஒட்டினார்கள். படம் எங்கே போனதென்று தெரியாது. கேட்கத் துணிவும் இல்லை. குரோய்டனுக்குப் போயிருக்கும் என்றே நினைத்தேன். கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் கடிதம் வந்தது. அப்பா இரண்டு தரம் வாசித்தார். ஒரு வருடம் இருக்கலாம். அப்பா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, தம்பியின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தார். "ஒத்திகைதானடா. ஒத்திகை பாக்காட்டி உனக்கு இது கிடைச்சிருக்குமோ?" சித்தப்பா "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று அந்த நெஞ்சுக்குள்ளிருந்து சொன்னார். ஒரு வருடம் பிறகு பல வருடமாகி, நிரந்தரமாயிற்று. அப்பா சாகும்வரை கலியாண வீடுகளில் எல்லாம் அந்த ஒத்திகையைப் பற்றிச் சொன்னார். கண்ணாடியின் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஒரு வீடு மாற்றத்தில் காணாமல் போனது.

சென்ற வருடம் தென்லண்டனில் ஒரு பழம்பொருள் சந்தைக்குப் போனேன். நான் தேடிப் போனது ஒரு மேசை விளக்கு. அங்கே ஒருவர் பழைய இத்தாலியச் சுழியோடிக் கண்ணாடிகளைச் சாமி சிலைகள் போல வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் உறைகளில் அவற்றின் விளம்பரத் தாள்கள். இதையெல்லாம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். புரட்டிக்கொண்டு போனேன். ஏழாவது உறையில் அந்த மீன். மனிதர்களை மறந்தாலும் அந்த முகத்தை மறக்க முடியுமா? அதே தண்ணீர், அதே ஈட்டி, அதே நனையாத பெண். வலது மூலையில், சிறுவயதில் நான் பார்க்காத ஒன்று: பொடி எழுத்தில் அச்சிட்ட வருடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வருடம் சித்தப்பா அரிச்சுவடி எழுதிக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொண்டு நேரே வடலண்டன் எட்மண்டனுக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போனேன். மனதில் ஒரு கேள்வியோடு போனவன், அவர் தேநீர் போடுவதைப் பார்த்ததும் வேறொன்றைத் தொடங்கிவிட்டேன்.

"சித்தப்பா, அந்தப் படத்தை எடுத்தது நான். பள்ளிக்கூடத்துச் சுவரில ஒட்டினதும் நான். நீங்கள் அப்பாட்டை ஏச்சு வாங்கினீங்கள், நான் பேசாமல் இருந்தனான்."

"தெரியும்." சீனி போட்டுக் கலக்கினார். "மழை பெஞ்ச அண்டைக்குக் கண்டனான். உன்ர கையெழுத்து. பெரிசா எழுதியிருந்தாய்."

"இங்கிலிஸ் தெரியுமோ அப்ப?"

"இத்தாலி எண்டு வாசிக்கிற அளவுக்கு அப்பவே தெரியும். ஆராவது பெற்றோர் வந்தா வாசிப்பினம் எண்டுதான் முதுகால மறைச்சுக்கொண்டு நிண்டனான். அரை மணித்தியாலம். நாரி முறிஞ்சு போச்சு."

ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"பேந்து இரவிரவா யோசிச்சன். பள்ளிக்கூடம் கவுண்மேந்து. குரோய்டனும் கவுண்மேந்து. இவங்கள் சுவரில ஒட்டுற அளவுக்குத் தெரிஞ்சு வைச்சிருக்கிறாங்கள், நான் போய் இல்லையெண்டு சொன்னா என்னைப் பொய்க்காரன் எண்டெல்லோ எழுதுவாங்கள்? அதால எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இத்தாலி, கடை, பெட்டியளுக்கு நடுவில படுத்தது, எல்லாம்."

ஒன்பது வயது நானும் இருபத்தேழு வயதுச் சித்தப்பாவும் ஒரே முட்டாள்தனத்தை நம்பியிருக்கிறோம். அவர்கள் ஏன் இருக்க விட்டார்கள்? உண்மை சொன்னதாலா, சொன்னபோதிலுமா, அந்தக் காகிதம் எவருடைய மேசையிலாவது ஒழுங்காக வாசிக்கப்பட்டதா? அவருக்கும் தெரியாது.

"அப்பாட்டைச் சொல்லேல்லையோ?"

"ஒத்திகையாலதான் கிடைச்சதெண்டு மனுசன் எவ்வளவு சந்தோசமா இருந்தவர். நான் ஏன் கெடுப்பான்?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் உறையிலிருந்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். அவர் முகம் மலர்ந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"சித்தப்பா, இது நீங்கள் இல்லை."

"நான்தான் எண்டு குரோய்டனிலயும் சொன்னனான். விளம்பரத்திலயும் நிண்டனான் சேர் எண்டு."

"அதுக்கு அவை என்ன சொன்னவை?"

"சொல்லேல்லை. எழுதினவை." ஒரு வாய் தேநீர் குடித்தார். "அவங்களே எழுதி வைச்சிருக்கிறாங்கள். நீ ஆரடா கேக்க?"

"மூலையில வருசம் போட்டிருக்கு. பாருங்கோ."

"எங்க?"

காட்டினேன். சித்தப்பா குனிந்து அந்தப் பொடி எழுத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு வலது கைப் பெருவிரலை அதன்மேல் வைத்து அழுத்தி, தாளை வெளிச்சத்துக்குத் தூக்கி என் பக்கம் திருப்பினார்.

"இப்ப பார்."

பார்த்தேன். மீசையின் நுனி, தோளின் சரிவு, தண்ணீருக்குள் நிற்கும்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோன்ற அந்த நிற்பு. எனக்கு ஐம்பது வயதாகிறது, நண்பர்களே. கொஞ்சம் சித்தப்பா மாதிரித்தான் இருந்தது.